டெண்டர் முறையில் பொருள் வாங்குவது எப்படி? தேவையை எழுதுவதிலிருந்து வைப்புத் தொகையைத் திருப்பித் தருவது வரை

பேரூராட்சி ஒன்று 500 எல்.இ.டி. தெருவிளக்குகளை வாங்கத் தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு கடையில் விசாரித்து, விலையைக் குறைத்துக் கேட்டு, நம்பிக்கையானவரிடம் வாங்கிக்கொள்வது ஒரு வீட்டுக்குப் போதும். பொதுப் பணத்தைச் செலவிடும் அமைப்புக்கு அது போதாது. ஏன் இவரிடம் வாங்கினீர்கள், இந்த விலை எப்படி வந்தது, மற்றவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தீர்களா என்று தணிக்கையாளரோ நீதிமன்றமோ வரி கட்டும் குடிமகனோ கேட்டால், கோப்பைப் புரட்டியே விடை காட்ட முடிய வேண்டும். அதற்காக ஏற்பட்டதுதான் முறைப்படியான டெண்டர்.

தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. 1998இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன் கீழ் 2000இல் வகுக்கப்பட்ட விதிகளும் அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றின் கொள்முதலை ஆள்கின்றன. இப்படியொரு சட்டத்தை இந்தியாவில் முதலில் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. இந்த வழிகாட்டி அச்சட்டத்தையே அடிப்படையாகக் கொண்டது. எனினும் கூட்டுறவுச் சங்கம், அறக்கட்டளை, தனியார் கல்லூரி என எந்த அமைப்பும் இதே படிகளைத் தன் அளவுக்கேற்பப் பின்பற்றலாம்.

டெண்டர் என்றவுடன் பலருக்கும் உறை பிரிக்கும் நாள்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு டெண்டர் நியாயமானதா இல்லையா என்பது, அறிவிப்பு வெளிவருவதற்கு முந்தைய வாரங்களில், ஆவணத்தை எழுதும் மேசையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எழுதாமல் விட்ட எதையும் பின்னர் சேர்க்க முடியாது. எழுதிய எதையும் பின்னர் மறக்க முடியாது. ஆகவே கீழே வரும் படிகளில் ஆவணத் தயாரிப்பைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: தேவையையும் மதிப்பையும் நிலைநிறுத்துதல்

என்ன வேண்டும், எத்தனை வேண்டும், எப்போது வேண்டும், அதற்கு நிதி ஒதுக்கீடு இருக்கிறதா என்பதை முதலில் ஒரு குறிப்பாக எழுதி, உரிய அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். தெருவிளக்கு என்றால், எந்தத் தெருவில் எத்தனைக் கம்பங்கள், கம்பத்தின் உயரம், கம்பங்களுக்கு இடையே உள்ள தூரம், சாலையின் அகலம் ஆகியவற்றை நேரில் பார்த்துக் குறித்த பட்டியல் அந்தக் குறிப்போடு இருக்க வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாமல் 500 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் யாராலும் சொல்ல முடியாது.

மதிப்பீடு சந்தை விலையை ஒட்டியதாக இருக்க வேண்டும். அண்மையில் பிற உள்ளாட்சிகள் கொடுத்த விலை, அரசின் விலை விகிதப் பட்டியல், இரண்டு மூன்று உற்பத்தியாளர்களின் விலைத் தகவல் ஆகியவற்றை ஒப்பிட்டு அதைத் தயாரிக்கலாம். ஒரே விற்பனையாளரிடம் கொட்டேஷன் வாங்கி அதையே மதிப்பீடாக வைத்துக்கொண்டால், வரப்போகும் எல்லா விலைகளும் அவருடைய விலையைச் சுற்றியே அமைந்துவிடும்.

தேவையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் டெண்டர் கட்டாயமாகும் தொகை வரம்புக்குக் கீழே கொண்டுவரும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஆண்டு முழுவதற்குமான தேவை தெரிந்திருந்தும் அப்படிப் பிரிப்பது தணிக்கையில் முதலில் சிக்கும் குறை. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளும் இதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன.

இரண்டாம் படி: எவ்வகை டெண்டர் என்று முடிவு செய்தல்

தகுதியுள்ள எவரும் பங்கேற்கும் திறந்த டெண்டர்தான் பொது விதி. தெரிவு செய்யப்பட்ட சிலருக்கு மட்டும் அழைப்பு அனுப்புவதும், ஒரே நிறுவனத்திடம் வாங்குவதும் விதிவிலக்குகள். இயற்கைப் பேரிடர், அவசர நிலை, ஒரே இடத்தில் மட்டுமே கிடைக்கும் பொருள் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கைப் பயன்படுத்தும்போது, எந்த உட்பிரிவின் கீழ், எந்தக் காரணத்தால் என்பதைக் கோப்பில் எழுதியாக வேண்டும். நிதியாண்டு முடியப்போகிறது என்பது அவசர நிலை ஆகாது.

அடுத்த கேள்வி ஒரே உறையா, இரண்டு உறையா என்பது. எளிய, தரம் நன்கு வரையறுக்கப்பட்ட பொருளுக்கு ஒரே உறை போதும். தரத்தைச் சோதிக்காமல் விலையைப் பார்க்கவே கூடாத பொருளுக்கு இரண்டு உறை முறை வேண்டும்: முதலில் தொழில்நுட்ப உறையைப் பிரித்து, அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பின்னர் பிரிப்பார்கள். இதற்கு நல்ல உதாரணம், 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை இக்கழகம் இரண்டு உறை முறையில் மொத்தமாக வாங்குகிறது. உற்பத்தித் தரச் சான்று, சந்தையில் இருந்த அனுபவம், ஆண்டு விற்றுமுதல் ஆகியவற்றை முதல் உறையில் சரிபார்த்த பிறகே விலைக்கு வருகிறார்கள். வந்து சேரும் மருந்தின் மாதிரிகள், நிறுவனத்தின் பெயர் தெரியாதபடி குறியீட்டு எண்ணுடன் ஆய்வகங்களுக்குப் போகின்றன. விலை மலிவாக இருந்தும் தரம் காக்கப்படுவதற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம் என்று நான் கருதுகிறேன். உறை முறை எவ்வளவு கவனமாக அமைந்தாலும், பொருள் வந்த பின் சோதனை இல்லாவிட்டால் பயனில்லை.

மூன்றாம் படி: விவரக்குறிப்பு எழுதுதல்

வாங்கப்போகும் பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை அளந்து பார்க்கக்கூடிய சொற்களில் எழுதுவதே விவரக்குறிப்பு. “உயர்தரமான, நீடித்து உழைக்கும் தெருவிளக்கு” என்று எழுதினால், அந்தச் சொற்களுக்கு எதிராக எந்த விளக்கையும் நிராகரிக்க முடியாது. மாறாக, விளக்கிலிருந்து வெளிவரும் ஒளியின் அளவு குறைந்தது இத்தனை லூமென், மின்நுகர்வு அதிகபட்சம் இத்தனை வாட், தூசியும் நீரும் புகாத் தன்மை ஐ.பி. 66, மின்னழுத்தத் திடீர் உயர்வைத் தாங்கும் திறன் இத்தனை கிலோவோல்ட், உத்தரவாதம் 5 ஆண்டுகள் என்று எழுதினால், ஒவ்வொன்றையும் ஆய்வக அறிக்கையோடு ஒப்பிட முடியும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலை இருக்கும் பொருளுக்கு அதன் எண்ணைக் குறிப்பிட்டுவிடுவது பாதி வேலையை முடித்துவிடும். மின்விளக்குச் சாதனங்களுக்கு ஐ.எஸ். 10322 இருக்கிறது.

இங்கு நேரும் தவறுகளில் மிகவும் கேடானது, ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் விளம்பரத் தாளை அப்படியே நகலெடுத்து விவரக்குறிப்பாக்குவது. பிராண்டின் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் விளக்கின் நீளம் 437 மி.மீ., எடை 3.15 கிலோ என்று எழுதியிருந்தால், பெயர் இல்லாமலேயே அது யாருடைய விளக்கு என்று தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீளத்துக்கும் ஒளிக்கும் தொடர்பில்லை; கம்பத்தின் கையில் பொருந்த வேண்டும் என்பதே தேவை என்றால், அந்தக் குழாயின் விட்டத்தை மட்டும் குறிப்பிட்டால் போதும். விவரக்குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் நேராக “இது ஏன் தேவை?” என்று எழுதிப் பாருங்கள். காரணம் எழுத முடியாத வரியை நீக்கிவிடுங்கள். வேறு வழியே இல்லாமல் பிராண்டின் பெயரைக் குறிப்பிட நேர்ந்தால், “அல்லது அதற்கு இணையானது” என்பதோடு நிற்காமல், எந்தெந்த அளவுகளில் இணையாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

சேவைகளை வாங்கும்போது இது இன்னும் கடினம். துப்புரவுப் பணிக்கு 20 ஆட்கள் வேண்டும் என்று எழுதினால் ஆட்கள் வருவார்கள். துப்புரவு வருமா என்பது வேறு. எந்த இடம், எத்தனை சதுர மீட்டர், நாளுக்கு எத்தனை முறை, யார் பார்த்துச் சான்று தருவார், செய்யாத நாளுக்கு எவ்வளவு பிடித்தம் என்பதே சேவையின் விவரக்குறிப்பு. சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. ஆகியவற்றுக்கும் குறைவான விலை ஏற்கப்படாது என்ற வரியையும் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் விலைப் போட்டியின் சுமை முழுவதும் தொழிலாளியின் கூலியில்தான் விழும்.

நான்காம் படி: தகுதி நிபந்தனைகள்

வேலையைச் செய்து முடிக்க வல்லவரா என்று அறியத் தேவையான அளவுக்கு மேல் தகுதி கேட்கக் கூடாது. 40 லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு 50 கோடி ரூபாய் விற்றுமுதல் கேட்டால், உள்ளூரில் நன்றாகத் தொழில் செய்யும் அத்தனை பேரும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அதே சமயம், கேட்ட தகுதியைப் பின்னர் தளர்த்தவும் கூடாது.

இதை விளக்க 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரமணா தயாராம் ஷெட்டி வழக்கைவிடச் சிறந்த பாடம் இல்லை. பம்பாய் பன்னாட்டு விமான நிலையத்தில் ஓர் இரண்டாம் தர உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த 1977 ஜனவரியில் டெண்டர் கோரப்பட்டது. குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் தர ஓட்டல் நடத்துவோர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பது நிபந்தனை. அதிகத் தொகை தர முன்வந்தவருக்கு உணவு விடுதி நடத்திய அனுபவம் இருந்தது. ஆனால் அது நிபந்தனை சொன்ன வகை ஓட்டல் அல்ல. விமான நிலைய ஆணையம் அவருக்கே ஒப்பந்தத்தைக் கொடுத்தது. தானே விதித்த தகுதியைத் தானே மீற அரசு அமைப்புக்கு உரிமை இல்லை என்று நீதிபதி பி.என். பகவதி எழுதினார். அந்த நிபந்தனை தளர்த்தப்படும் என்று தெரிந்திருந்தால், தங்களுக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கி நின்ற வேறு பலரும் விண்ணப்பித்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்குச் சம வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதே தீர்ப்பின் உயிர். வழக்குத் தொடர்ந்தவரின் தாமதம் முதலிய காரணங்களால் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை என்றாலும், அங்கு சொல்லப்பட்ட கொள்கை இன்றுவரை டெண்டர் வழக்குகளின் அடித்தளமாக நிற்கிறது.

குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்குச் சலுகை தரும் அரசாணைகளையும் இந்தப் படியிலேயே சேர்க்க வேண்டும். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை ஆணைப்படி, குறைந்த விலையைவிட 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்ட குறு, சிறு நிறுவனம், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கிவரச் சம்மதித்தால் அதற்கும் ஒரு பங்கு தர வேண்டும். இப்படிப்பட்ட ஏற்பாடுகள் ஆவணத்தில் இல்லாமல் மதிப்பீட்டின்போது முளைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: மதிப்பிடும் முறையை எழுதுதல்

தமிழ்நாட்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு மிகக் குறைந்த டெண்டரை ஏற்கச் சொல்கிறது. அந்தக் குறைவை, ஆவணத்தில் சொல்லப்பட்ட, அளவிடக்கூடிய காரணிகளைக் கொண்டே கண்டறிய வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பகுதியைப் பலர் கவனிப்பதில்லை.

ஒரே அளவு ஒளி தரும் இரண்டு விளக்குகளில் ஒன்று 40 வாட், மற்றொன்று 50 வாட் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 11 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 4,015 மணி நேரம். 500 விளக்குகளுக்கு வாட் வித்தியாசம் 5 கிலோவாட். ஆண்டுக்கு 20,075 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 1,60,600 ரூபாய், 5 ஆண்டுகளில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல். 50 வாட் விளக்கு ஒவ்வொன்றும் 1,000 ரூபாய் மலிவாக வந்தாலும், மொத்தம் மிச்சமாவது 5 லட்சம்தான். ஆகவே விலையோடு ஐந்தாண்டு மின்கட்டணத்தையும் கூட்டியே ஒப்பிடுவோம், யூனிட்டுக்கு இந்த விலை, நாளுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கிடுவோம் என்பதை ஆவணத்தில் முன்கூட்டியே எழுதிவிட்டால், 40 வாட் விளக்கை முறைப்படி தேர்ந்தெடுக்கலாம். எழுதாமல் விட்டால், நஷ்டம் கண்ணெதிரே தெரிந்தாலும் 50 வாட் விளக்கைத்தான் வாங்க நேரிடும்.

இவற்றோடு, டெண்டர் செல்லுபடியாகும் காலம், இ.எம்.டி. தொகை (பங்கேற்பவர் ஒவ்வொருவரும் விண்ணப்பத்தோடு கட்டும் முன்வைப்பு), பாதுகாப்பு வைப்புத் தொகை (வெற்றி பெற்றவர் ஒப்பந்தத்துக்குப் பிணையாகக் கட்டுவது), பொருள் வழங்கும் கால அட்டவணை, தாமதத்துக்கான அபராதம், பணம் தரும் நிபந்தனைகள், வரிகளைச் சேர்த்து ஒப்பிடுவதா என்ற விளக்கம், எண்ணிலும் எழுத்திலும் தொகை மாறுபட்டால் எதைக் கொள்வது என்ற விதி, ஒப்பந்தத்தின் வரைவு ஆகியவையும் ஆவணத்தில் இடம்பெற வேண்டும். தமிழ்நாட்டு அலுவலகங்களில் இ.எம்.டி. பொதுவாக மதிப்பில் 1 சதவீத அளவில் கேட்கப்படுகிறது. பணம் எத்தனை நாளில் கிடைக்கும் என்று தெளிவாகச் சொல்லும் அமைப்புக்குக் குறைந்த விலை கிடைக்கும். தாமதமாகப் பணம் தரும் இடம் என்று பெயரெடுத்த அமைப்புக்கு, அந்தத் தாமதத்தின் வட்டியும் விலையில் சேர்ந்தே வரும்.

ஆறாம் படி: அறிவிப்பும் கால அவகாசமும்

அறிவிப்பு டெண்டர் அறிவிதழிலும், இணையக் கொள்முதல் தளத்திலும், மதிப்புக்கேற்ப நாளிதழ்களிலும் வெளிவர வேண்டும். 2000ஆம் ஆண்டு விதிகளின் 20ஆம் விதிப்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும். இதைக் குறைக்க மேலதிகாரியின் அனுமதியும் எழுத்துப்பூர்வமான காரணமும் தேவை. குறைந்தபட்சம் என்பதை அதிகபட்சமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆய்வக அறிக்கை பெறவே மூன்று வாரம் ஆகும் பொருளுக்கு 15 நாள் கொடுப்பது, அறிக்கையை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் கதவைத் திறப்பதாகும்.

டெண்டருக்கு முந்தைய கூட்டம் நடத்தினால், அங்கு கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியையும் அதற்கான பதிலையும், கேட்டவரின் பெயரில்லாமல், அனைவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தொலைபேசியில் ஒருவருக்கு மட்டும் விளக்கம் சொல்வதை அறவே தவிர்க்க வேண்டும். நிபந்தனை மாறினால் திருத்த அறிவிப்போடு கடைசி நாளையும் தள்ளிவைக்க வேண்டும்.

ஏழாம் படி: பெறுதலும் திறத்தலும்

இப்போது பெரும்பாலான டெண்டர்கள் இணையவழியில் நடக்கின்றன. பங்கேற்பவர் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பச் சான்றுடன் பதிவு செய்து, சான்றுகளைப் பி.டி.எஃப். கோப்பாகவும், விலையைத் தளம் தரும் எக்செல் படிவத்திலும் ஏற்றுகிறார். விற்பனையாளர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசி மணி நேரத்துக்கு விட்டுவைக்காதீர்கள், எக்செல் படிவத்தின் பெயரையோ கட்டங்களையோ மாற்றாதீர்கள். குறித்த நேரத்துக்குப் பின் தளம் எதையும் ஏற்காது.

திறப்பது தனி ஒருவரின் வேலை அல்ல. நியமிக்கப்பட்ட அதிகாரிகள் குறைந்தது இருவர், அவரவர் டிஜிட்டல் சாவியைப் பயன்படுத்தித் திறந்து, யார் யார் பங்கேற்றார்கள் என்பதைக் குறிப்பேட்டில் பதிந்து கையெழுத்திட வேண்டும். தாள் வழி டெண்டர் என்றால், பங்கேற்றவர்களின் முன்னிலையில் உறைகளைப் பிரித்து, விலையை வாசித்து, திருத்தமுள்ள ஒவ்வோர் இடத்திலும் சுருக்கொப்பமிட வேண்டும்.

எட்டாம் படி: தொழில்நுட்ப மதிப்பீடு

ஆவணத்தில் கேட்ட ஒவ்வொரு நிபந்தனையையும் ஒரு வரிசையிலும், பங்கேற்றவர்களைப் பத்திகளிலும் வைத்து அட்டவணை தயாரித்து, “ஆம்”, “இல்லை”, எந்தப் பக்கத்தில் ஆதாரம் என்று நிரப்புவதே சிறந்த வழி. நிராகரிக்கப்படுபவருக்கான காரணம், நிபந்தனையின் எண்ணோடு எழுதப்பட வேண்டும்.

எல்லாக் குறையும் நிராகரிக்கத்தக்கதா? இதற்கு 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த போத்தார் ஸ்டீல் வழக்கு வழிகாட்டுகிறது. வாரணாசி டீசல் ரயில் எஞ்சின் தொழிற்சாலையின் பழைய இரும்பு டெண்டரில், இ.எம்.டி.யைப் பணமாகவோ ஸ்டேட் வங்கியின் வரைவோலையாகவோ தர வேண்டும் என்றிருந்தது. ஒருவர் யூனியன் வங்கிக் காசோலையை, பணம் நிச்சயம் கிடைக்கும் என்ற வங்கியின் சான்றோடு கொடுத்தார். அது துணை நிபந்தனைதான், அதைத் தளர்த்தியது தவறல்ல என்றது நீதிமன்றம். முன்பு பார்த்த விமான நிலைய வழக்கின் ஓட்டல் அனுபவம், யார் பங்கேற்கலாம் என்பதையே தீர்மானிக்கும் நிபந்தனை. எந்த வங்கியின் தாள் என்பது அப்படியல்ல. ஆயினும் துணை நிபந்தனையை ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டும். விடுபட்ட சான்றின் நகலைக் கேட்டுப் பெறலாம். கடைசி நாளுக்குப் பின் உருவான தகுதியைக் கேட்டுப் பெறக் கூடாது.

முடிவு வெளியாகும்வரை மதிப்பீட்டு விவரங்கள் குழுவுக்கு வெளியே போகக் கூடாது. குழுவில் எவருக்கேனும் பங்கேற்ற நிறுவனத்தோடு உறவோ தொழில் தொடர்போ இருந்தால் அவர் விலகிவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: விலை ஒப்பீடு

விலை உறைகளைப் பிரித்து ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்ததும் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை போட்டவர், யாரென்று தெரிந்துவிடும். அவருடைய விலையும் சந்தை விலையைவிட அதிகமாக இருந்தால் அவரோடு மட்டும் பேசிக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது. அவருக்கு அடுத்த இடங்களில் உள்ள எல்-2, எல்-3 ஆகியோரைக் கூப்பிட்டுப் பேரம் பேசக் கூடாது. அப்படிச் செய்யும் அலுவலகத்தில் அடுத்த முறை யாரும் முதலிலேயே நல்ல விலை போட மாட்டார்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், செலவைப் பகுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைக்க வேண்டும்.

சிண்டிகேட் அமைத்து, அதாவது போட்டியாளர்கள் தங்களுக்குள் முன்கூட்டியே பேசிவைத்து, போடும் விலைகளைக் கண்டறிவதும் குழுவின் கடமை. எல்லோரும் ஒரே சதவீத இடைவெளியில் விலை போட்டிருப்பது, இ.எம்.டி. வரைவோலைகள் ஒரே கிளையில் அடுத்தடுத்த எண்களில் இருப்பது, ஒரே எழுத்துப் பிழை இரண்டு நிறுவனங்களின் கடிதங்களில் வருவது, ஒரே இணைய முகவரியிலிருந்து விண்ணப்பங்கள் ஏறியிருப்பது ஆகியவை அடையாளங்கள். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. ஐயம் வலுவாக இருந்தால் இந்தியப் போட்டி ஆணையத்துக்குத் தகவல் தரலாம்.

பத்தாம் படி: ஏற்பு, மேல்முறையீடு, ஒப்பந்தம்

ஏற்பு ஆணையில் காரணங்கள் இருக்க வேண்டும். தோற்றவர்களுக்கும் முடிவைத் தெரிவிக்க வேண்டும். டெண்டர் ஏற்கும் அதிகாரியின் ஆணையால் பாதிக்கப்பட்டவர், அது கிடைத்த 10 நாட்களுக்குள் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் கீழ் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உயர் நீதிமன்றமும் இருக்கிறது. ஆனால் 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியபடி, நீதிமன்றம் முடிவு எடுக்கப்பட்ட விதத்தைத்தான் ஆராயும். அதிகாரியின் இடத்தில் தான் அமர்ந்து வேறொருவரைத் தேர்ந்தெடுக்காது. ஆகவே விதத்தைக் காட்டும் குறிப்புகளே அலுவலகத்தின் பாதுகாப்பு.

வெற்றி பெற்றவர் பாதுகாப்பு வைப்புத் தொகை செலுத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும், மற்றவர்களின் இ.எம்.டி.யைத் தாமதமின்றித் திருப்ப வேண்டும். சிறு விற்பனையாளர் ஒருவரின் நடைமுறை மூலதனம் மூன்று நான்கு அலுவலகங்களில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பதை அதிகாரிகள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பதினோராம் படி: பொருள் வந்த பிறகு

வந்த விளக்குகளிலிருந்து ஒப்பந்தத்தில் சொன்ன எண்ணிக்கையில் மாதிரிகளை அலுவலகமே தேர்ந்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தேர்வை விற்பனையாளரிடம் விடக் கூடாது. அறிக்கை வந்து, இருப்புப் பதிவேட்டில் ஏறிய பின்னரே பணம் வழங்க வேண்டும். தாமத அபராதத்தை விதிப்படி பிடிக்க வேண்டும். தள்ளுபடி செய்தால் காரணம் எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் எண்ணிக்கையை அதே விலையில் வாங்க, முதலிலேயே வரம்பு எழுதப்பட்டிருந்தால் மட்டுமே முடியும்.

உத்தரவாதக் காலத்தில் பழுதாகும் ஒவ்வொரு விளக்குக்கும் கம்பத்தின் எண், பழுதான நாள், மாற்றிய நாள் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடு ஒன்று வேண்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் வைப்புத் தொகையைத் திருப்பித் தரும் முன் இந்தப் பதிவேட்டைப் பார்த்து, மாற்றப்படாத விளக்குகளுக்கான தொகையைக் கழித்துக்கொண்டு, மீதியைக் கணக்கோடு கொடுத்து ரசீது பெற்றுக் கோப்பை முடிக்க வேண்டும். அடுத்த டெண்டருக்கான விவரக்குறிப்பை எழுத உட்காருபவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியதும் அந்தப் பதிவேட்டைத்தான்.